பிள்ளைகள் புத்தகத்தில் பெரியவர்களுக்கு என்ன வேலை?

வாசகர் ஒருவர் கேட்டது, 8 பிப்ரவரி 2025

என் தங்கைக்கு 43 வயது. அலமாரி நிறைய 'ஹங்கர் கேம்ஸ்', 'டைவர்ஜென்ட்', 'மேஸ் ரன்னர்' என்று அடுக்கி வைத்திருக்கிறாள். எல்லாமே பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு எழுதியவை. நானும் இரண்டைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு கொடுங்கோல் அரசு, ஒரு துணிச்சலான பெண், அவளைக் காதலிக்க இரண்டு பையன்கள், கடைசியில் புரட்சி. எல்லாம் ஒரே அச்சு. விவரம் தெரிந்தவர்கள் இதில் அப்படி என்னத்தைக் கண்டார்கள்? கேலிக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியவில்லை.

9 பிப்ரவரி

உங்கள் தங்கையைவிட எனக்கு வயது கூட. நானும் அவர் கட்சிதான். மகளுக்குத் துணையாகப் படித்தேன், சும்மா பொழுதுபோக்கு என்றெல்லாம் சாக்குச் சொல்லப்போவதில்லை. அவள் கையில் எடுப்பதற்கு முன்பே நான் படித்துவிட்டேன்.

கதை முடிவுகளையும் சேர்த்தே எழுதுவேன். தெரிய வேண்டாம் என்பவர்கள் தாண்டிப் போய்விடலாம்.

'ஹங்கர் கேம்ஸ்' நாட்டில் வருடா வருடம் மாவட்டத்துக்கு ஒரு பையன், ஒரு பெண் என்று குலுக்கலில் எடுத்து, ஒருவர் மிஞ்சும்வரை ஒருவரையொருவர் கொல்லவிட்டு ஒளிபரப்புவார்கள். அதுதான் 'விளையாட்டு'. தொடக்கத்திலேயே ஒரு கணக்கு வரும். 12 வயதானால் குலுக்கலில் உன் பெயர் ஒருமுறை. 13-இல் இரண்டு. இப்படியே 18-இல் ஏழு. இது எல்லோருக்கும் பொது. ஆனால் வீட்டில் சாப்பாட்டுக்கு வழியில்லை என்றால் இன்னொரு சீட்டு கூடப் போட்டுக்கொண்டு, ஓர் ஆளுக்கு ஒரு வருடத்துக்கான தானியமும் எண்ணெயும் வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை சீட்டு. வருடா வருடம் அது கூடிக்கொண்டே போகும். அம்மா, தங்கை, தான் என்று மூன்று பேருக்கு வாங்குகிற கதாநாயகி காட்னிஸுக்கு 16 வயதில் 20 சீட்டு. ஐந்து பேர் குடும்பத்தைத் தாங்குகிற அவள் நண்பன் கேலுக்கு 18 வயதில் 42. பசி எவ்வளவோ அவ்வளவு சீட்டு. பணக்கார வீட்டுப் பிள்ளையின் பெயரும் அதே கண்ணாடிக் கிண்ணத்தில்தான் கிடக்கிறது, ஆகவே சட்டப்படி எல்லோரும் சமம்.

நான் சம்பளப் பட்டியல் போடுகிற வேலையில் இருப்பவள். இந்த இடத்தைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்: அந்த 42 சீட்டையும் யார் எழுதியது? யார் எவ்வளவு தானியம் வாங்கினார்கள் என்று ஒரு பேரேடு இருந்தாக வேண்டும். அதை ஒருவர் சரிபார்க்க வேண்டும். ஒரு சீட்டு குறைந்தால் அவர் பதில் சொல்ல வேண்டும். காட்னிஸின் பெயர் கவனமான கையெழுத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று நாவலாசிரியர் சூசன் காலின்ஸ் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போகிறார். அந்தக் கையெழுத்துக்காரர் கதையில் எங்குமே வருவதில்லை. பதினைந்து வயதில் படித்திருந்தால் அப்படி ஓர் ஆள் இருக்கிறார் என்பதே என் புத்திக்கு எட்டியிருக்காது.

உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். பிள்ளைகள் இதில் தங்களைத் தேடிப் படிக்கிறார்கள். நான் அந்த ஊர்ப் பெரியவர்களைத் தேடிப் படிக்கிறேன். இந்தக் கதைகளில் கூண்டில் நிற்பது அவர்கள்தான்.

10 பிப்ரவரி

"உங்களைப் போல நாலு பேர் இருக்கலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நாலு பேர் இல்லை. அமெரிக்காவில் நூல் சந்தையை ஆராயும் பவ்கர் நிறுவனம் 2012-இல் எடுத்த கணக்குப்படி, 12 முதல் 17 வயதினருக்கென்று வெளியிடப்படும் நூல்களை வாங்கியவர்களில் 55 சதவீதம் பேர் 18 வயதைத் தாண்டியவர்கள். தனித்தனியாகப் பார்த்தால் பெரிய கூட்டம் 30 முதல் 44 வயது வரை உள்ளவர்கள். பெரும்பாலும் தாங்கள் படிக்கத்தான் வாங்கியிருக்கிறார்கள், பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்க அல்ல.

ஒரே அச்சு என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2008-க்குப் பிறகு ஒன்று ஓடியது என்று அதையே நகலெடுத்துக் குவித்தார்கள், அதில் பாதி தேறாது. ஆனால் அச்சு இருப்பதே குறை என்றால் நமக்குக் குறுந்தொகையே மிஞ்சாது. தலைவி, தோழி, செவிலி, பிரிந்து போன தலைவன். எல்லாப் பாட்டிலும் அதே ஆட்கள்தான். அந்தச் சட்டத்துக்குள் இந்தப் பாட்டு என்ன செய்தது என்றுதானே பார்க்கிறோம்?

14 பிப்ரவரி

நேற்று இரவு 'தி கிவர்' மறுபடி எடுத்தேன். லோயிஸ் லோவ்ரி எழுதி 1993-இல் வந்தது. சிறிய புத்தகம், ஒரே மூச்சில் முடிந்துவிடும்.

அந்த ஊரில் வலி கிடையாது, பசி கிடையாது, நிறமும் கிடையாது. காலையில் எழுந்ததும் கனவைச் சொல்ல வேண்டும், இரவில் அன்றைய மனநிலையைச் சொல்ல வேண்டும். 12 வயதில் யாருக்கு என்ன வேலை என்று ஊர்ப் பெரியவர்கள் ஒதுக்கிவிடுவார்கள். ஜோனாஸ் என்கிற பையனுக்கு, ஊர் மறந்துபோன பழைய நினைவுகளையெல்லாம் ஒரு கிழவரிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்ளும் வேலை விழுகிறது.

பையனைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் அவன் அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். அவருக்கு வேலை கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது. நல்ல மனிதர். வெறும் பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே நல்லவர். ஒரு குழந்தை இரவில் தூங்காமல் அழுகிறது, எடையும் ஏறவில்லை. அதற்குக் கூடுதல் அவகாசம் கேட்டு வாங்கி, வீட்டுக்கே தூக்கி வருகிறார். பெயரிடும் நாளுக்கு முன்பே பட்டியலை எட்டிப் பார்த்து, கேப்ரியல் என்ற பெயரைத் தெரிந்துகொள்கிறார். அது விதிமீறல். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை தேறும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

பிறகு அந்தக் காட்சி. இரட்டைக் குழந்தைகள் பிறந்திருக்கின்றன. இருவரையும் ஊரில் வைத்துக்கொள்வது வழக்கமில்லை. எடை குறைந்ததை 'விடுவிக்க' வேண்டும். அன்று காலை நடந்ததன் பதிவை ஜோனாஸ் பார்க்கிறான். அப்பா குழந்தையைத் தராசில் வைக்கிறார், வீட்டில் பேசுகிற அதே கொஞ்சல் குரலில் பேசுகிறார். ஊசியை எடுத்து, நெற்றியில் துடிக்கிற நரம்பில் மெதுவாக ஏற்றுகிறார். வலிக்கும் என்று தெரிந்து குழந்தைக்குச் சமாதானம் சொல்கிறார். குழந்தை கைகாலை உதறுகிறது, பிறகு அசைவில்லை. அதை ஓர் அட்டைப் பெட்டியில் வைத்து, குப்பைக் குழாய்க்குள் தள்ளி, கையசைத்து விடைகொடுக்கிறார். மாலையில் வீட்டுக்கு வந்து இரவுச் சாப்பாட்டில் உட்கார்ந்திருப்பார்.

அவர் பொய்யே சொல்லவில்லை. கவனியுங்கள். காலையில் கிளம்பும்போதே இன்றைக்கு இந்த வேலை இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். அவரைப் பொறுத்தவரை அது ஒரு வேலை நாள்.

லோவ்ரி இந்த நாவலுக்காக 1994-இல் சிறுவர் நூல்களுக்கான நியூபெரி பதக்கம் வாங்கியபோது ஆற்றிய உரையில், இந்தக் கதைக்கு வழிவிட்ட பல ஓடைகளைச் சொல்கிறார். அதில் இரண்டு எனக்கு மறக்காது. சிறுமியாக இருந்தபோது அப்பாவின் ராணுவ வேலை காரணமாகக் குடும்பம் டோக்கியோவில் இருந்தது. அமெரிக்கர்கள் மட்டும் வாழும், வேலி போட்ட குடியிருப்பு. அம்மாவுக்கு அதுதான் பத்திரம். லோவ்ரி சைக்கிளை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டி ஷிபுயா தெருக்களுக்குப் போய்விடுவாராம். இன்னொன்று, முதியோர் இல்லத்தில் இருந்த அப்பாவின் நினைவு மங்கிப்போனது. இளவயதில் இறந்துபோன மூத்த மகளின் படத்தைக் காட்டினால் பெயரைச் சந்தோஷமாகச் சொல்கிறார், ஆனால் அவளுக்கு என்ன ஆனது என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை. மறந்துவிட்டால் நிம்மதிதான், அது பத்திரமா என்று யோசிக்கத் தொடங்கியிருக்கிறார்.

இரண்டுமே நடுவயதைத் தாண்டிய ஒருத்தியின் கேள்விகள். புத்தகத்தை எந்த அலமாரியில் வைத்தாலும் கேட்கிறவருக்கு வயதாகிவிட்டது.

15 பிப்ரவரி

"இதைப் பத்து வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார்கள். 1990களில் அமெரிக்கப் பள்ளிகளில் அதிகம் ஆட்சேபம் கிளம்பிய நூல்களில் இதுவும் ஒன்று. ஆட்சேபித்தவர்கள் பெற்றோர்கள். என் மகள் சின்ன வயதிலேயே படித்தாள். ஊசி போடுகிற காட்சியில் நான் புத்தகத்தை மூடி வைத்தேன், அவள் கோபப்பட்டாள், அவ்வளவுதான், மேலே போய்விட்டாள். அவளுக்கிருந்த ஒரே கவலை கடைசியில் பனியில் சறுக்கிப் போகிற அந்தப் பையனும் கைக்குழந்தையும் பிழைத்தார்களா என்பது. 2000-க்குப் பிறகு வந்த அடுத்த நாவல்களைத் தேடிப் படித்து அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் ஓய்ந்தாள்.

கொடுக்கலாம். கொடுத்துவிட்டு நீங்களும் படியுங்கள்.

22 பிப்ரவரி

'டைவர்ஜென்ட்' பற்றி ஏன் வாயே திறக்கவில்லை என்கிறீர்கள். திறக்கிறேன்.

வெரோனிகா ராத் கல்லூரியில் படிக்கும்போதே எழுதியது. 2011-இல் வந்தபோது அவருக்கு 22 வயது. அந்த வயதின் வேகம் பக்கத்துக்குப் பக்கம் தெரியும். ஓடுகிற ரயிலில் ஏறிக் குதிக்கிற காட்சிகளை இப்போது படித்தாலும் எனக்கு உள்ளங்கை வியர்க்கும். சந்தோஷமாகப் படிக்கிறேன், அதில் மாற்றமில்லை.

ஆனால் அந்த ஊர் நிற்காது. சிகாகோ நகரத்தையே ஐந்து குணங்களாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு குணம், பதினாறு வயதில் தேர்ந்தெடு என்கிறார். தைரியசாலிகள் ஒரு பக்கம், அறிவாளிகள் ஒரு பக்கம். இப்படி ஓர் ஊர் ஒரு மழைக்காலம் தாங்குமா? என் மகளிடம் கேட்டேன். "அம்மா, பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுக்கச் சொல்லும்போது இப்படித்தானே செய்கிறார்கள்" என்றாள். சிரித்துவிட்டேன். அவள் சொன்னதும் சரிதான். அவள் வயதில் அது நிஜமாகவே உலகம் பிளக்கிற இடம்.

எனக்கு ஆதங்கம் வேறு இடத்தில். எந்தப் பிரிவிலும் தேறாதவர்கள் அந்த நகரத்தில் பஸ் ஓட்டுகிறார்கள், துப்புரவு வேலை செய்கிறார்கள், அதற்குக் கூலியாகச் சோறும் துணியும் போதாக்குறையாகக் கிடைக்கிறது. இதை ராத்தே முதல் சில பக்கங்களில் எழுதிவிடுகிறார். அந்த ஒரு பத்திக்குள் முழு நாவல் கிடக்கிறது. அவர் அதைத் தாண்டி ரயிலேறிப் போய்விட்டார். காலின்ஸாக இருந்தால் அந்த பஸ் டிரைவரை விட்டிருக்கமாட்டார்.

படங்களை மட்டும் பார்த்தவர்களுக்கு: 2016-இல் வந்த படத்தோடு தொடர் நின்றுபோனது, முடிவுப் படம் எடுக்கவே இல்லை. மூன்றாம் புத்தகத்தில் கதாநாயகி ட்ரிஸ் சாகிறாள். அதற்காக ராத்தைத் திட்டித் தீர்த்தார்கள். அந்த ஒரு முடிவுக்காகவே எனக்கு அவர் மேல் மரியாதை.

2 மார்ச்

பெரியவர்களைத் தேடிப் படிக்கிறேன் என்று 9-ஆம் தேதி எழுதினேன். எழுதியதிலிருந்து ஒருத்தியைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். காட்னிஸின் அம்மா.

சுரங்க வெடிப்பில் கணவன் செத்துப்போகிறான். காட்னிஸுக்கு அப்போது 11 வயது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. சுவரைப் பார்த்தபடி இருக்கிறாள். பிள்ளைகள் பட்டினியால் இளைத்துக்கொண்டே போகிறார்கள், அதுகூட அவளை எழுப்பவில்லை. காட்னிஸ் இதை மன்னிப்பதே இல்லை. விளையாட்டுக்குக் கிளம்புகிற கடைசி நிமிடத்திலும், மறுபடி அப்படி ஒடுங்கிப் போய்விடாதே என்று அம்மாவிடம் கத்திவிட்டுத்தான் போகிறாள்.

என் அப்பா நான் பிளஸ் ஒன் படிக்கும்போது தவறிப்போனார். அம்மா அடுப்படிக்குப் பக்கத்து அறையில் பாயில் படுத்தவள் மாதக்கணக்கில் எழவில்லை. தம்பியைப் பள்ளிக்கு அனுப்பியது, ரேஷன் கடை வரிசையில் நின்றது, பால்காரரிடம் கணக்கு முடித்தது எல்லாம் நான். வந்து போகிற உறவுக்காரர்கள் "மூத்தவள் இருக்கிறாள், பார்த்துக்கொள்வாள்" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துப் போவார்கள். முதல்முறை 'ஹங்கர் கேம்ஸ்' படித்தபோது காட்னிஸின் ஆத்திரம் ஒவ்வொரு வார்த்தையும் என்னுடையதாக இருந்தது. முப்பதைத் தாண்டியும் அது என்னிடம் அணையாமல் இருந்திருக்கிறது என்று அந்தப் புத்தகம்தான் எனக்குக் காட்டியது.

அப்போது அம்மாவுக்கு 38 வயது. நான் அந்த வயதைக் கடந்து வெகுகாலம் ஆகிறது. இப்போது படிக்கும்போது அந்த நாற்காலியில் இருப்பவள் பக்கமே கண் போகிறது. ஆனால் அவளைப் பற்றி அங்கே அதிகம் எழுதியிருக்காது. மூன்று புத்தகமும் காட்னிஸின் வாயால், நிகழ்காலத்தில் போகிறது. அவளுக்குத் தெரிந்ததும் அவள் பொறுத்துக்கொள்ள முடிந்ததும்தான் பக்கத்தில் ஏறும். அம்மா மருந்துக்கடைக்காரர் வீட்டுப் பெண், சுரங்கத் தொழிலாளியைக் கட்டிக்கொண்டு கரித்தூசிப் பக்கம் வந்தவள், அடிபட்டவர்களைத் தூக்கி வந்தால் நொடியில் வேறு ஆளாகி மருந்து போடுகிறவள். இவையெல்லாம் ஆங்காங்கே சிந்திக் கிடக்கின்றன. சேர்த்துப் பார்க்கிற வேலையை வாசிக்கிறவரிடம் விட்டிருக்கிறார் காலின்ஸ். ஒற்றைக் குரலில் எழுதுவதை எளிய எழுத்து என்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அந்தக் குரல் சொல்லாமல் விட்டதில் இன்னொரு நாவல் ஓடிக்கொண்டிருக்கிறது, அது நம் வயதுக்காரர்களுக்கு.

கடைசிப் புத்தகத்தின் முடிவில் அந்த அம்மா ஊர் திரும்புவதில்லை. நான்காம் மாவட்டத்தில் மருத்துவமனை தொடங்க உதவப் போய்விடுகிறாள். சின்ன மகள் செத்துப்போன பிறகு அந்த வீட்டுக்குள் அவளால் நுழைய முடியாது. முன்பு அதை இரண்டாவது கைவிடல் என்று படித்தேன். இப்போது, இந்தமுறை அவள் நாற்காலியில் உட்காரவில்லை என்று படிக்கிறேன்.

3 மார்ச்

கேட்டவர்களுக்கு: அம்மா நன்றாக இருக்கிறார். தம்பி வீட்டில். நேற்று எழுதியதை அவரிடம் படித்துக் காட்டவில்லை, காட்டுவதாகவும் இல்லை.

5 மார்ச்

அந்தச் சீட்டு எழுதியவரைப் பற்றி ஒருவர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். "அப்படியானால் இந்தக் கதைகளில் நல்ல பெரியவர்களே இல்லையா?" இருக்கிறார்கள். பதினொன்றாம் மாவட்டத்துக்காரர்கள்.

ரூ என்கிற 12 வயதுப் பெண் களத்தில் செத்துப்போகிறாள். காட்னிஸ் அவளைச் சுற்றிப் பூ வைத்துவிட்டு நகர்கிறாள். அன்றைக்கே வானத்திலிருந்து ஒரு சின்ன வெள்ளிப் பாராசூட் இறங்குகிறது. உள்ளே ஒரு ரொட்டி. பிறை வடிவம், மேலே விதை தூவியது, ரேஷன் தானியத்தில் செய்த கறுத்த மாவு. அது ரூவின் ஊர் ரொட்டி. களத்துக்குள் எதை அனுப்பினாலும் பணம் கட்ட வேண்டும், நாள் ஆக ஆக விலை ஏறும். வாய்க்கும் வயிற்றுக்கும் போதாத ஒரு மாவட்டமே காசு சேர்த்து ரூவுக்கு அனுப்ப வைத்திருந்திருக்கிறார்கள். அவள் போன பிறகு, கொடுத்த காசைத் திரும்பக் கேட்காமல், வேற்று மாவட்டத்துப் பெண்ணுக்குக் கொடுத்துவிடுங்கள் என்கிறார்கள். அப்படி யாரும் இதுவரை செய்ததில்லை.

2012 படத்தில் இது இல்லை. அந்த இடத்தில் கலவரம் வைத்துவிட்டார்கள். பார்க்க வேகமாக இருக்கிறது. எனக்கு அந்த ரொட்டிதான் வேண்டும். யாரோ சில பெரியவர்கள் இரவில் கூடிப் பேசி, தலைக்கு இவ்வளவு என்று முடிவெடுத்திருப்பார்கள். அவர்களும் பக்கத்தில் வருவதில்லை.

19 மார்ச்

நேற்று காலின்ஸின் புது நாவல், 'ஹங்கர் கேம்ஸ்' முன்கதையான 'சன்ரைஸ் ஆன் தி ரீப்பிங்' வெளியாகிவிட்டது. எனக்கு இன்னும் வந்து சேரவில்லை. பின்னாளில் காட்னிஸுக்குப் பயிற்சி தருகிற ஹேமிட்ச் களத்துக்குப் போன 50-ஆவது விளையாட்டின் கதை. பலரை ஒரு சிலர் எப்படி இவ்வளவு சுலபமாக ஆள்கிறார்கள் என்று 18-ஆம் நூற்றாண்டில் தத்துவவாதி டேவிட் ஹ்யூம் எழுப்பிய கேள்விதான் இதைத் தொடங்கி வைத்தது என்று காலின்ஸ் சொல்லியிருக்கிறார். ஹ்யூமைப் படித்துவிட்டுப் பதினாறு வயதுப் பிள்ளைகளுக்குக் கதை எழுதுகிறவரைப் பார்த்து, வளர்ந்தவர்கள் படிக்க இதில் ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

30 மார்ச்

முடித்தேன்.

குலுக்கலில் பெயர் விழுந்த பையன் தப்பி ஓடுகிறான், சுட்டுவிடுகிறார்கள். கூட்டத்தில் தள்ளுமுள்ளு. தன் காதலியைக் காப்பாற்றப் பாய்ந்த ஹேமிட்சை அந்த இடத்துக்குப் பிடித்துப் போடுகிறார்கள். ஒளிபரப்புக்குச் சில நிமிடத் தாமதம் இருக்கிறது. ஆகவே மேடையைச் சரிசெய்து, சீட்டு எடுப்பதைத் திரும்ப நடத்திப் படம் பிடிக்கிறார்கள். நாடு பார்ப்பது அந்த இரண்டாவது குலுக்கலை. இதைப் படம் பிடிக்கிற குழுவின் பொறுப்பாளர் ப்ளூடார்க். பின்னாளில் புரட்சிக்குத் துணை நிற்கப்போகிற அதே ப்ளூடார்க். பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரிக்கிற நேரத்தில் அழுகை கேமராவில் சரியாக விழ வேண்டும் என்பதற்காக, விடைபெற அவகாசம் தருகிறார். அவகாசம் தந்தது கருணையா, வேலையா? இரண்டையும் பிரிக்க முடியாமல் எழுதியிருக்கிறார் காலின்ஸ். இந்த ஒரு காட்சியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மூல மூன்று நூல்களில் ஹேமிட்ச் எந்நேரமும் குடித்துக் கிடப்பவர். வருடத்துக்கு இரண்டு பிள்ளைகள் என்று கணக்கு வைத்து, எல்லோரையும் சாவுக்குத் தயார் செய்து அனுப்பியவர். அவருக்கு 16 வயது இருந்ததை இப்போது பார்த்துவிட்டதால் பழைய புத்தகங்களில் அவர் வாயைத் திறக்கிற ஒவ்வொரு இடமும் வேறாகிவிட்டது. மகளுக்கு இது காதல் கதை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே புத்தகத்தைப் படித்தோமா என்றே சந்தேகம் வருகிறது, அதுவும் நல்லதுக்குத்தான்.

6 ஏப்ரல்

கொஞ்சம் விலகிப் போகிறேன். மலோரி பிளாக்மனின் 'நாட்ஸ் அண்ட் க்ராஸஸ்', 2001, பிரிட்டன். கறுப்பர்கள் ஆள்கிறார்கள், வெள்ளையர்கள் அடிமைகளாக இருந்து விடுபட்டவர்கள். நிறத்தைத் திருப்பிப் போட்டது ஒரு தந்திரம் என்று நினைத்துத்தான் எடுத்தேன். ஒரு பிளாஸ்திரி என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டது.

வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வகுப்புக்கு வருகிறாள். அது கரும்பழுப்பு நிறம். அவள் வெளுத்த தோலில் எடுப்பாகத் தெரிகிறது. பிளாஸ்திரி என்றாலே அந்த ஊரில் அந்த நிறம்தான். அவ்வளவுதான் காட்சி. விளக்கம் இல்லை, சொற்பொழிவு இல்லை.

நான் என் முழங்கையைப் பார்த்துக்கொண்டேன். சிறுவயதிலிருந்து ஒட்டியதெல்லாம் வெளிறிய ரோஸ் நிறப் பிளாஸ்திரி. அது யாருடைய தோல் நிறம் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. பிரிட்டனில் டெஸ்கோ கடைகள் பல தோல் நிறங்களில் பிளாஸ்திரி கொண்டுவந்தது 2020-இல். புத்தகம் வந்து 19 வருடம் கழித்து.

இந்த நாவலிலும் பெரியவர்கள் இருக்கிறார்கள், இரண்டு பக்கமும். பையனை முடிவில் தூக்கில் போடுகிறார்கள். அதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.

7 ஏப்ரல்

"கதைதானே, நிஜ உலகில் என்ன பயன்?" என்றவருக்குச் சுருக்கமாக. மூன்று விரல் வணக்கம் காலின்ஸ் புத்தகத்தில் வருவது. தாய்லாந்தில் 2014 ராணுவப் புரட்சிக்குப் பிறகு தெருவில் அதைக் காட்டியவர்களைப் பிடித்துப் போனார்கள். 2021 பிப்ரவரியில் மியான்மரின் ஐ.நா. தூதர் பொதுச்சபையில் தன் நாட்டு ராணுவ ஆட்சிக்கு எதிராகப் பேசிவிட்டு மூன்று விரலை உயர்த்தினார். அவர் பள்ளிச் சிறுவர் அல்ல.

20 ஏப்ரல்

ஸ்லேட் இதழில் ரூத் கிரஹாம் 2014-இல் எழுதிய கட்டுரையைச் சிலர் நினைவூட்டியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு எழுதியதைப் படிக்கும் பெரியவர்கள் வெட்கப்பட வேண்டும் என்றது அது. முடிவுகள் எல்லாம் மனசுக்கு இதமாக முடிகின்றன என்பது அவருடைய முக்கியக் குற்றச்சாட்டு. அது இளையோருக்கான யதார்த்த நாவல்களைப் பற்றியது. 'டைவர்ஜென்ட்' மாதிரியானவற்றைக் குப்பை என்று முதலிலேயே ஒதுக்கிவிட்டார், அதனால் இந்தப் பக்கம் அவர் வரவே இல்லை.

வந்திருந்தால் 'ஹங்கர் கேம்ஸ்' மூன்றாம் புத்தகமான 'மாக்கிங்ஜே' முடிவை என்ன செய்திருப்பார்? போர் வென்றாகிவிட்டது. மாளிகை வாசலில் குழந்தைகள் மேல் குண்டு விழுந்தது, காப்பாற்ற ஓடிய மருத்துவக் குழுவின் மேல் இரண்டாவது குண்டு விழுந்தது, காட்னிஸின் தங்கை ப்ரிம் அதில் போய்விட்டாள். புரட்சியின் தலைவி காயின், பழைய விளையாட்டுகளில் வென்று உயிரோடு மிச்சமிருக்கும் ஏழு பேரை உட்கார வைத்து, தலைநகரான கேபிடலின் குழந்தைகளை வைத்துக் கடைசியாக ஒரு விளையாட்டு நடத்தலாமா என்று வாக்குக் கேட்கிறாள். காட்னிஸோடு களத்துக்குப் போன பீட்டா கூடாது என்கிறான். ஆனியும் பீட்டியும் கூடாது என்கிறார்கள். ஜோஹன்னாவும் எனோபேரியாவும் நடத்தலாம் என்கிறார்கள். காட்னிஸ், ப்ரிமுக்காகச் சரி என்கிறாள். ஹேமிட்ச் அவள் பக்கம் நிற்கிறார்.

புரட்சிக்காரர்களுக்கு ஆயுதம் வடிவமைக்கிற பீட்டியைக் கவனித்தீர்களா? காப்பாற்ற வருகிறவர்கள் கூடும்வரை காத்திருந்து வெடிக்கிற அந்த இரண்டாவது குண்டின் யோசனை, கேலோடு சேர்ந்து அவர் மேஜையில் உருவானது. விளையாட்டுக் கூடாது என்று மனப்பூர்வமாகச் சொல்கிறார். அந்த மனிதர் கொடியவர் இல்லை. கணக்கில் கெட்டிக்காரர், மெதுவாகப் பேசுகிறவர். இந்தத் தொடரில் என்னை அதிகம் கலங்க வைப்பது கொடுங்கோல் அதிபர் ஸ்னோ அல்ல, பீட்டி.

காட்னிஸ் காயினை நம்ப வைக்கத்தான் அப்படி வாக்களித்தாள், பிறகு ஸ்னோவைக் கொல்லத் தந்த அம்பைக் காயின் மேலேயே விட்டாள் என்கிறாள் மகள். வாக்கு நிஜம் என்கிறேன் நான். அந்த நிமிடத்தில் அவள் அதை விரும்பினாள், தங்கை செத்த கையோடு யார்தான் விரும்பமாட்டார்கள்? அம்பு விடுகிற நேரத்துக்குள் அவளுக்குள் ஏதோ திரும்பியது. எப்போது திரும்பியது என்று காலின்ஸ் எழுதவில்லை. இரவு பதினோரு மணி வரைக்கும் சண்டை. அவள் பக்கம் புரட்டிப் புரட்டி ஆதாரம் காட்டினாள், நான் அதே பக்கத்தை வைத்தே மறுத்தேன். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. உங்களில் யாருக்காவது இதில் தெளிவு இருந்தால் எழுதுங்கள். அடுத்து செரி டிமலினின் 'தி மாரோ தீவ்ஸ்' எடுக்கிறோம். கனவு காணும் திறனுக்காகக் கனடாவின் பூர்வகுடிகளை வேட்டையாடுகிற கதை, பழைய உறைவிடப் பள்ளிகளின் நிழல் அதில் உண்டு. இந்தமுறை அவள்தான் முதலில் படிக்கப்போகிறாளாம்.